ஆற்றங்கரைக் குடித்தனம்

சகோதரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. கட்டிலும் மெத்தையும் மின்விசிறியுமாக ஒரு வீடு இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டு, இரண்டு மாதம் முன்னதாகவே பணம் கட்டி இடம் பிடித்து, ஆற்றங்கரையில் கட்டாந்தரையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் வா என்று யாராவது கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். "உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

கூப்பிட்டது வேறு யாருமல்ல, என் மகள். ஜப்பானில் யோக்கோஹாமா நகரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். 2023 ஆகஸ்டில் ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டு வரலாமென்று போயிருந்தேன். போன நாலாம் நாளே, "அம்மா, அடுத்த வாரம் எல்லாரும் காம்ப் போறோம்" என்றாள். எங்கள் உடன்குடிப் பக்கத்தில் காம்ப் என்றால் கண் சிகிச்சை முகாம், அதை விட்டால் ரத்ததான முகாம். "யாருக்குட்டி கண்ணு தெரியலை?" என்றேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு விளக்கினாள். அந்த ஊரில் ஜூலை மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்டு கடைசி வரையில் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ஆகஸ்டு நடுவில் 'ஓபோன்' என்று ஒரு பண்டிகை. செத்துப்போன பெரியவர்கள் அந்த நாள்களில் வீட்டுக்கு வந்து போவதாக ஐதீகம். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சிலர் சொந்த ஊருக்குப் போவார்கள். சிலர் பிள்ளை குட்டிகளோடு மலைப்பக்கம் போய் ஆற்றோரத்தில் கூடாரம் அடித்து, அங்கேயே பொங்கித் தின்று, இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டு வருவார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாள், ஆற்றங்கரை, கூடாரம், அடுப்பு, பிள்ளை குட்டிகள்! "அட, இது நம்ம சொரிமுத்தையன் கோவில் விவகாரமல்லவா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இதை ஜப்பான்காரர்களிடம் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

திருநெல்வேலிச் சீமை நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாபநாசத்துக்கு மேலே மலைக்காட்டுக்குள், காரையாறு என்ற இடத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோவில். எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சாஸ்தா கோவில். ஆடி அமாவாசைக்குப் பல மைல் தூரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, குடில் போட்டு, காட்டுக்குள்ளேயே நாள் கணக்கில் தங்குவார்கள். எங்கள் தாத்தா காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, வழியில் இரவு தங்கித் தங்கிப் போவார்களாம். என் காலத்தில் லாரி வந்துவிட்டது.

உடன்குடி என்றதும் உங்களுக்குக் கருப்பட்டி ஞாபகம் வந்திருக்கும். வரட்டும், அது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் கருப்பட்டிக்குப் பேர்போன ஊர் என்றால் பனை நிற்கிற ஊர்; பனை நிற்கிற ஊர் என்றால் வேறெதுவும் நிற்கத் தண்ணீர் இல்லாத ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செக்கச் சிவந்த தேரி மணல். எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது, வாயில் வைக்க முடியாது. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர்க் கிணறு தேரியோரத்தில். அங்கே போய் வர ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம். என் அம்மா காலையில் மூன்று நடை, சாயங்காலம் மூன்று நடை நடப்பாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். அவள் இடுப்பின் இடது பக்கத்தில் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் கறுத்துத் தடித்திருக்கும். சின்ன வயதில் எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாமிரபரணி எங்கள் ஜில்லாவில்தான் கடலில் சேர்கிறது, புன்னைக்காயலில். ஆனால் அதற்குள் 8 பழைய அணைக்கட்டுகளைத் தாண்டி வரவேண்டும். கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து கால்வாயில் பிரிந்து, வயல் வயலாக, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு, எல்லோரும் குடித்து மிஞ்சியது எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு வரும். மிஞ்சினால் வரும். எங்களுக்கு அந்த ஆறு, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் பரிமாறுகிற பாயசம்.

நான் சொல்லப்போவது 1967-ஆம் வருஷத்து ஆடி மாதம். எனக்கு அப்போது 10 வயது. அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். ஆச்சி மூன்று மாதமாகப் படி படியாக ஒதுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். நான்கு பங்காளி வீடுகள் சேர்ந்து ஒரு லாரி பேசினார்கள். பெரியவர்களும் சிறியவர்களுமாக 30 பேர். அரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், அண்டா, தவலை, சருவம், கடகப்பெட்டி நிறைய முறுக்கு, குடில் வேய்வதற்குப் பனையோலைக் கட்டு, நார்க்கயிறு, இவற்றோடு நேர்த்திக் கிடா ஒன்று. அந்தக் கிடா வழியெல்லாம் என் பாவாடையைத் தின்றுகொண்டே வந்தது.

திருச்செந்தூர் தாண்டி, ஆழ்வார்திருநகரி, பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி என்று ஆற்றை எதிர்த்தே போகிறது பாதை. போகப் போகப் பச்சை கூடுகிறது. பனை குறைகிறது; வாழை வருகிறது; நெல் வருகிறது; வாய்க்கால் ததும்பி ரோட்டோரம் வழிகிறது. அம்மா லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் ஒருத்தி வாய்க்காலில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "மாட்டைக் குளிப்பாட்டுற தண்ணியப் பாருட்டி!" என்றாள் அம்மா என்னிடம். அந்தக் குரலில் ஆச்சரியமா, கோபமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காட்டுக்குள் போய் இறங்கியதும் ஆண்கள் கம்பு நட்டு ஓலை வேய்ந்தார்கள். பத்தடி கீழே ஆறு. பளிங்கு போன்ற தண்ணீர். உள்ளே கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். அம்மா செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கொண்டுவந்த தவலை, குடம், போணி அத்தனையையும் எடுத்துப்போய் ஆற்றில் நிறைத்துக் கொண்டுவந்து, குடிலுக்குள் வரிசையாக வைத்துத் தட்டுப் போட்டு மூடினாள். சாயங்காலம் என் தம்பி ஒரு செம்புத் தண்ணீரைக் காலால் தட்டிவிட்டான். முதுகில் விழுந்தது பாருங்கள் ஓர் அடி! "தண்ணியக் கொட்டுதியோல, தண்ணிய?"

அடுத்த குடிலில் அம்பாசமுத்திரத்துக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. அந்த வீட்டு அத்தை இதைப் பார்த்துவிட்டு, "ஏ யக்கா, கண்ணு முன்னால ஆறு ஓடுது, ஒரு செம்புத் தண்ணிக்கா பச்சப் புள்ளய அடிக்கீக?" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் முகம் சிவந்துபோயிற்று. மறுநாளும் பாத்திரங்களை நிரப்பித்தான் வைத்தாள். மூன்றாம் நாள்தான் நிரப்புவதை விட்டாள்.

காட்டில் தங்கினால் பெண்களுக்கு ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். 30 பேருக்கு மூன்று கல் அடுப்பில் பொங்க வேண்டும். ஈர விறகு, கண்ணெல்லாம் புகை. ஊர் மாறினாலும் அடுப்படி மாறவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. தண்ணீர் சுமக்க வேண்டாம். விறகு பொறுக்க ஆண்கள் போனார்கள். ராத்திரி யானை, கரடி வராமல் இருக்க நெருப்பு மூட்டிக் காவல் இருந்ததும் அவர்கள்தான். வீட்டில் சாவிக்கொத்தும் கையுமாக மிரட்டுகிற ஆச்சிகூட அங்கே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளைகளைச் சுற்றிவைத்துக்கொண்டு பட்டவராயன் கதை சொல்வாள்.

முத்துப்பட்டன் என்ற பிராமண வாலிபன், தோல் தைக்கிற குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கை மேல் ஆசை வைத்து, அவர்களுக்காகக் குலத்தை விட்டு, செருப்புத் தைக்கக் கற்று, மாடு காத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு உயிரை விட்டான். அந்தப் பெண்கள் இருவரும் தீயில் பாய்ந்தார்கள். அவன்தான் அங்கே பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு நேர்த்திக்கடன் செருப்பு! பெரிய பெரிய தோல் செருப்புகளைச் செய்து கொண்டுவந்து கட்டுவார்கள். ராத்திரியில் அவன் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிவருவான் என்றும், அடுத்த வருஷம் பார்த்தால் அடித்தோல் தேய்ந்திருக்கும் என்றும் சொல்வார்கள். நான் ஒவ்வொரு செருப்பாகப் புரட்டிப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. ஆச்சி கண்ணை உருட்டினாள். அதற்கப்புறம் இருட்டினால் நான் குடிலை விட்டு வெளியே போகவில்லை.

அமாவாசையன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் ராஜ உடையில் வந்து கொலுவிருந்ததைப் பெரியப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். ஜமீன்கள் எல்லாம் சட்டத்தால் போய்விட்ட பிறகும், 2020 மே மாதம் காலமாகும் வரையில் அவர்தான் அந்தத் திருவிழாவின் ராஜா. தலைப்பாகையும் பட்டும் பளபளக்க அவர் இருந்தது, கதைப் புத்தகத்தில் வருகிற படம் எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அமாவாசைக்கு முதல் நாள் அம்மா மத்தியானம் குளிக்கப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பியபோது உதடு நீலம் பாரித்து, விரலெல்லாம் சுருங்கியிருந்தது. "பொம்பளைக்கு என்னட்டி இத்தன நேரம் குளிப்பு? உலை கொதிச்சு வத்திப்போச்சு" என்று ஆச்சி நாலு பேர் முன்னால் சத்தம் போட்டாள். அம்மா பதில் பேசவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவும் இல்லை என்று சித்தி பிற்பாடு சொன்னாள்.

அமாவாசை கழிந்த மறுநாள் விடியற்காலம். யாரோ என்னை மிதித்து எழுப்பினார்கள். குடிலுக்குள் ஒரே பரபரப்பு. அம்மாவைக் காணோம்.

படுத்த பாய் அப்படியே கிடக்கிறது. குடம் ஒன்றும் குறையவில்லை. சித்தப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு கோவில் பக்கம் ஓடினார். அத்தை, "சங்கிலி பூதத்தாரே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆச்சி வாயைத் திறக்கவில்லை; சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒன்றுமே பேசாமல் ஆற்றை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாறை இடுக்குகளை எல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார். எதைத் தேடுகிறார் என்பது 10 வயதுப் பெண்ணான எனக்கே தெரிந்துவிட்டது. கால் நடுங்கிற்று.

ஒரு திருப்பம் தாண்டி மேலே போனோம். அங்கே ஒரு பெரிய பாறை ஆற்றுக்குள் இறங்கிக் கிடந்தது. அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். தலையை அவிழ்த்துவிட்டு, முழங்கால் வரையில் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். நேயர்களே, என் அம்மா ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் முறத்தில் அரிசி இருக்கும். இல்லாவிட்டால் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருப்பாள். அன்றைக்கு இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன.

அப்பா பக்கத்தில் போய் நின்றார். அவர் கோபக்காரர். திட்டப் போகிறார், அடித்தாலும் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மா திரும்பாமலேயே சொன்னாள்: "இன்னும் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்."

அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். குடிலுக்கு வந்ததும் ஒருவருக்கும் பதில் சொல்லாமல், மடித்துக்கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தினார். ஊதுகுழலை எடுத்து ஊது ஊதென்று ஊதினார். கருப்பட்டி மண்டியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், ஆனால் அதைக் காப்பிக்கு எவ்வளவு தட்டிப் போடவேண்டும் என்பது தெரியாது. ஒரு முழு வட்டைப் போட்டுவிட்டார்! பாகு மாதிரி ஒரு காப்பி. 30 பேரும் குடித்தோம். ஆச்சியும் வாங்கிக் குடித்தாள். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை என்பதுதான் அன்றைய அதிசயம்.

வெயில் ஏறிய பிறகு அம்மா வந்தாள். தலையை முடிந்துகொண்டு உலை வைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், எங்கள் வாசலில் பீப்பாய் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வாரத்துக்கு இரண்டு நாள் நல்ல தண்ணீர் ஊற்ற அப்பா ஏற்பாடு செய்திருந்தார். என்ன கூலி, எதற்கு இந்த வீண் செலவு என்று ஆச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அதற்கப்புறமும் கிணற்றுக்குப் போனாள். ஆனால் ஆறு நடை இரண்டு நடையாயிற்று.

இந்தக் கதையை யோக்கோஹாமாவில் நான் சொல்லி முடித்தபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து ஜாபிதா எழுத ஆரம்பித்தாள். கூடாரம், பாய், விளக்கு, கொசுவர்த்தி... ஏறக்குறைய 60 சாமான்! ராத்திரி 11 மணி வரைக்கும் அலுவலக வேலை. அதற்குப் பிறகு மூட்டை கட்டல். லாரியும் கிடாவும் இல்லையே தவிர, வேறு குறை ஒன்றும் இல்லை.

கொசுவர்த்தி என்றதும் நடுவில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டிலுக்கடியில் கொளுத்தி வைக்கிறோமே அந்தச் சுருள், ஜப்பானில் பிறந்தது. உயெயாமா எயிச்சிரோ என்பவர் 1890-இல் குச்சியாகத்தான் செய்தார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். சுருளாகச் சுற்றினால் நீளமும் கூடும், நேரமும் கூடும் என்று யோசனை சொன்னவள் அவர் மனைவி யூகி. 1902-இல் அது கடைக்கு வந்தது. வீட்டில் நாம் சொல்கிற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாத கணவன்மார்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

நாங்கள் போன இடத்துக்குப் பெயர் தோஷி. மலைகளுக்கு நடுவே ஒரு கிராமம். ஊடே ஒரு சிற்றாறு. கரை நெடுகக் கூடார மைதானங்கள். காரைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சட்டங்களைப் பாருங்கள்! தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. கால் வைத்த இரும்புத் தட்டில்தான் மூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணும் வேரும் வெந்துபோகும். சாம்பலுக்கு ஓர் இடம். பாத்திரம் கழுவ வரிசையாகத் தொட்டிகள். ஆற்றில் கழுவக் கூடாது. ராத்திரி ஆனால் சத்தம் கூடாது. மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டலாமென்று நான் பொறுக்கிக்கொண்டு வந்த கற்களைப் பேத்தி பவ்வியமாக வாங்கிக்கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அவர்கள் முகாமில் என்ன சமைக்கிறார்கள் தெரியுமா? சோறும் குழம்பும்! 'கரே ரைஸ்' என்கிறார்கள். மொழுமொழுவென்று ஒரு குழம்பு. புளியும் இல்லை, காரமும் இல்லை. பக்கத்துக் கூடாரத்தார் அன்போடு கொடுத்தார்கள். நான் நம் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் மறுபடி கேட்டு வாங்கினார். பிள்ளைகள் கையில் விளக்கோடு மரம் மரமாகக் கொம்பு வண்டு தேடி அலைந்தார்கள்.

மறுநாள் காலை ஆற்றில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தி தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, பாதி குடித்துவிட்டு மீதியைப் புல்லில் ஊற்றினாள். "தண்ணியக் கொட்டுதியே!" என்று என் வாயிலிருந்து வந்தது. குரல் என்னுடையதல்ல, அம்மாவினுடையது. பேத்தி பயந்து போகவில்லை. "ஆச்சி, இந்த ஆத்துத் தண்ணி எங்க ஊருக்குக் குடிக்க வருது. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

அந்த ஊரில் நாலாம் வகுப்பில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பாடம் இருக்கிறது. மாப்பிள்ளை மேல்கொண்டு விவரம் சொன்னார். யோக்கோஹாமாவின் குடிநீரில் ஒரு பங்கு 1897 முதல் தோஷி ஆற்றிலிருந்து வருகிறதாம். மேலே மலையில் மரத்தை வெட்டிவிட்டால் ஆறு கெட்டுப்போகும் என்று பயந்து, 1916-இல் அந்த நகரசபை, எங்கோ மலைக்குள் இருக்கிற இந்தக் காட்டையே விலைக்கு வாங்கிவிட்டது. இன்றைக்கும் நகரத்தார்தான் அந்தக் காட்டைப் பராமரிக்கிறார்கள். கப்பல்காரர்கள் அந்தத் தண்ணீரைப் பூமத்திய ரேகை தாண்டினாலும் கெடாத தண்ணீர் என்பார்களாம்.

கடைமடைக்காரன் போய்த் தலைமடைக் காட்டை விலைக்கு வாங்கினான்! உடன்குடிக்காரியான எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அடுத்த வருஷம் நீங்க எல்லாரும் அங்க வாங்க. எங்க தண்ணி எங்கிருந்து வருதுன்னு நான் காட்டுதேன்" என்றேன்.

வந்தார்கள். 2024-இல் ஆடி அமாவாசை ஆகஸ்டு 4-ஆம் தேதி, பேத்திக்கு விடுமுறைதான். சொந்தபந்தங்களோடு 18 பேர் வேனில் கிளம்பினோம். லாரி ஒரு பகல் முழுவதும் போன தூரத்தை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடந்துவிட்டோம். பாபநாசம் சோதனைச் சாவடியில் பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் கூடாது. அகப்பட்டுக்கொண்டது யார்? நான்தான்! முறுக்குப் பொட்டலம் அத்தனையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தேன். பேத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் ஆச்சியின் பார்வை. முறுக்கை எல்லாம் ஓலைப்பெட்டியில் கொட்டிக்கொண்டு, பையை ஒப்படைத்துவிட்டு மேலே போனோம்.

இப்போது முன்போல இஷ்டப்பட்ட நாள் தங்க முடியாது. வனத்துறை குறித்துக் கொடுக்கிற சில நாள்கள்தான். "குலசாமியைக் கும்பிட இவங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்று என் சித்தப்பா மகன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. நாள் குறைந்தால் பட்டவராயன் கதை குறைகிறது. பிள்ளைகள் அடுத்த குடில் பிள்ளைகளோடு சிநேகம் பிடிக்கிற நேரத்தில் மூட்டை கட்டச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் முண்டந்துறைக் காடு 1962-லேயே புலிகள் சரணாலயமாகிவிட்டது. 1988-இல் களக்காட்டோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. 1967-இல் நாங்கள் கிடாவும் கொட்டுமாகப் போய் இறங்கியதே புலி வீட்டு வாசலில்தான். எங்களுக்குத் தெரியாது, புலிக்குத் தெரிந்திருக்கும்.

கீழே பாபநாசம் படித்துறையில் ஒரு காட்சி. முழுகி எழுந்தவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள், பாவம் கழியுமாம். சேலையும் வேட்டியும் பாறை பாறையாகச் சுற்றிக்கொண்டு மிதக்கின்றன. துப்புரவு செய்கிறவர்கள் வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள், மறுபடியும் சேர்கிறது. "ஆச்சி, இதுதான நம்ம வீட்டுக் குழாயில வர்ற தண்ணி?" என்று பேத்தி கேட்டாள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எங்கள் பக்கத்துக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர்தான். "ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் பெரிய மனுஷி மாதிரி யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1967-இல் திரும்புகிற வழியில் ஆச்சி இதே படித்துறையில் தன் பழைய சேலையைத் தண்ணீரில் விட்டாள். அது மிதந்து போவதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம்.

அந்த ராத்திரி குடிலில் 18 பேருக்குப் பொங்கியதில் பெரும் பங்கு என் மகளுடையது. ஜாபிதா போட்டவள் அவள். பேத்தி காலில் அட்டை கடித்ததற்கு மருந்து போட்டவள் அவள். நடுவில் ஜப்பானிலிருந்து ஏதோ அலுவலகச் செய்தி வந்துவிட்டது என்று தொலைபேசிக்குச் சிக்னல் தேடி அலைந்தவளும் அவளே. படுக்கும்போது மணி 12.

விடியற்காலம் மாப்பிள்ளை வந்து என் தோளைத் தொட்டு எழுப்பினார். கையில் டார்ச்சு விளக்கு. முகம் வெளுத்திருந்தது. "அத்தை, அவளைக் காணோம். எந்தப் பக்கமும் பார்த்துட்டேன். யானை நடமாட்டம் இருக்குன்னு வேற சொல்றாங்க. நான் ஆத்துப் பக்கம் போய்ப் பார்க்கறேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். திருப்பத்துக்கு மேலே இருக்கிற பாறையைப் பற்றி முந்தின நாள் மகளிடம் சொல்லியிருந்தேன். குடிலிலிருந்து கூப்பிடு தூரம்தான். நடுவில் காவலுக்கு வேறு ஆட்கள் நெருப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"போக வேண்டாம், மாப்பிள்ளை. உங்களுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியும்லா?"

"தெரியும் அத்தை. ஆனா..."

"காப்பிக்குத் தண்ணி வைங்க. கருப்பட்டி அந்த ஓலைப்பெட்டியில இருக்கு. பாதி வட்டுப் போதும்."

அவர் ஒரு நிமிஷம் ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு டார்ச்சு விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பு முன்னால் குந்தினார்.

"எத்தனை பேருக்கு அத்தை?"

"18 பேருக்கு. வாரவளுக்கும் சேத்து."